சென்னையில் ஒரு பகல்: எந்த அருங்காட்சியகத்தைக் காண்பது?

(குன்னூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மலையில் வாழ்வோர்க்குக் கடற்கரை நகரம் பெரும்பாலும் ஒரு திருமணத்தின் பொருட்டோ மருத்துவத்தின் பொருட்டோதான் வாய்க்கிறது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறினால் விடியலில் சென்னை சென்ட்ரல். மணமண்டபத்திற்கு மாலையில் சென்றால் போதும் என்னும் நிலையில் இடையில் ஒரு பகல் கையில் நிற்கும். அதனைப் பேரங்காடிகளில் கழிக்காமல் அருங்காட்சியகம் ஒன்றைக் காணலாம் என்று எண்ணும் குடும்பங்கள் இன்று பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எதனைக் காண்பது என்பதில்தான் வீட்டில் பூசல் எழுகிறது.

குன்னூரில் பணி நிமித்தம் வாழும் நம் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். பத்து வயதுப் பேரன் பெரம்பூரிலுள்ள தொடர்வண்டி அருங்காட்சியகம் வேண்டும் என்கிறான். தந்தையார் புனித ஜார்ஜ் கோட்டையை விரும்புகிறார். ஒன்பதாம் வகுப்புப் பேத்திக்கு எழும்பூர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த பாட்டியாரோ, “பூசையில்லாத இடத்தில் சுவாமியை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதைப் போய்ப் பார்ப்பதா?” என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறார்.

பேரனின் விருப்பம் இயல்பானதே. ஆயினும் குன்னூர்ப் பிள்ளைக்கு அது முதல் தேவையன்று. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை போடப்பட்ட பற்சக்கரப் பாதையும், 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகிய அம்மலை வண்டியும், அதன் நீராவி எந்திரங்களைப் பேணும் பணிமனையும் அவன் வீட்டு வாசலிலேயே உள்ளன. உயிருடன் மூச்சுவிடும் எந்திரத்தை நாள்தோறும் காண்பவன், நின்றுபோன எந்திரங்களைக் காணப் பெரம்பூர் செல்வதைப் பிறிதொரு முறைக்கு ஒத்திவைக்கலாம்.

தந்தையார் விரும்பும் கோட்டை அருங்காட்சியகம் 1948-இல் திறக்கப்பட்டது. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. 1947 ஆகஸ்டு 15-இல் அக்கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி அங்கே பேணப்படுகிறது. அதற்காகவேனும் ஒரு முறை செல்லலாம். மற்றபடி வாளும் துப்பாக்கியும் ஆளுநர்களின் ஓவியங்களுமே மிகுதி. காரன்வாலிசின் பளிங்குச் சிலைப் பீடத்தில், திப்பு சுல்தானின் சிறு மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. தோற்றவரின் குழந்தைகளைப் பிணையாகப் பெற்றதையும் வெற்றியென்று கல்லில் பொறித்த காலம் அது. அதன்முன் பிள்ளைகளை நிறுத்திச் சற்றே விளக்கினால் கொல்லாமையைப் பற்றிய பாடம் தனியே தேவைப்படாது. ஒரு மணி நேரம் போதும். தலைமைச் செயலக வளாகம் ஆதலின் அடையாள அட்டை உடன் இருத்தல் நலம்.

எஞ்சி நிற்பது எழும்பூர். 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் தொடங்கி, சில ஆண்டுகளில் பாந்தியன் சாலை வளாகத்திற்கு இடம்பெயர்ந்த அரசு அருங்காட்சியகம் இது. ஆறு கட்டடங்கள், 46 காட்சிக் கூடங்கள். அனைத்தையும் ஒரே நாளில் காண முயல்வோர் எதனையும் காண்பதில்லை. கால் நோவொன்றே எஞ்சும். மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை மனத்துணிவோடு கடந்து செல்வதே முறை.

முதலாவது, சமணத் திருமேனிகள். தென்னார்க்காட்டுச் சிங்கணிக்குப்பத்தில் கிடைத்த செப்புத்திருமேனிகளும், கடப்பை மாவட்டத்துத் தானவுலபாட்டிலிருந்து வந்த கற்சிற்பங்களும் இவ்வருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. பாட்டியாரின் தயக்கத்திற்கு இவ்விடத்தில் விடை கூற வேண்டும். அருங்காட்சியகத்தில் உள்ள திருமேனி என்றாலே கருவறையிலிருந்து பெயர்த்து வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். செப்புத்திருமேனிகளுள் பல மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டவை. ஏதோ ஓர் அச்சக் காலத்தில் முன்னோர் புதைத்துக் காத்தவற்றைப் பின்னாளில் ஏர் உழுதவரோ கிணறு வெட்டியவரோ கண்டெடுத்தனர். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவ்வழியே எழும்பூர் வந்தவை மிகப் பல. இல்லையேல் உருக்குவோர் கையில் பாத்திரமாகியிருக்கும். புகலிடம் என்று எண்ணினால் பாட்டியாரின் மனம் சற்றே இளகக்கூடும். அவர் கூடத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே செல்ல விரும்பினால் அதனைத் தடுப்பார் இல்லை. திருமேனிக்கு முதுகு காட்டிக் கைப்பேசியில் படமெடுத்துக் கொள்ளும் புதுவழக்கத்தை மட்டும் இளையோர் விட்டொழிப்பது நன்று.

பிள்ளைகளுக்கு வேறொரு பயிற்சியும் அங்கே உண்டு. அமர்ந்த திருமேனி அருகனா புத்தனா என்று கண்டறியச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்துப் புத்தச் செப்புத்திருமேனிகள் அவ்வருங்காட்சியகத்தின் சிறப்புகளுள் ஒன்று. அவற்றில் ஆடையின் மடிப்பு உடலில் ஓடும். உச்சியில் சுடர் எழும். நம் தீர்த்தங்கரர் திருவுருவில் ஆடையில்லை. மேலே முக்குடை நிழற்றும். ஐந்து அல்லது ஏழு தலை நாகம் குடைபிடித்தால் அது பெரும்பாலும் சுபார்சுவர் அல்லது பார்சுவநாதர். காளை ரிஷபரையும், சங்கு நேமிநாதரையும், சிங்கம் மகாவீரரையும் காட்டும். நம் சிற்றூர்களிலேயே வயல்வெளியில் அமர்ந்திருக்கும் அருகனைப் புத்தர் என்று அழைக்கும் பிழை இன்றும் உள்ளது. ஒரு முறை கண்ணால் வேறுபடுத்திக் கற்ற பிள்ளை பின்பு அப்பிழையைச் செய்யாது.

இவ்வருங்காட்சியகத்திற்கு நம்மவர் கடன்பட்ட செய்தி ஒன்றும் உண்டு. காஞ்சி திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய விரிவான ஆய்வு நூலை 1934-இல் வெளியிட்டது சென்னை அரசு அருங்காட்சியகமே. விசயநகரத் தளபதி இருகப்பர் எடுத்த சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்கள் இன்னும் தெளிவாக இருந்த காலத்தில் அவை நூலில் பதிவாயின. பல நிறங்கள் மங்கிவிட்ட இன்று அந்நூலின் அருமை புலப்படும்.

இரண்டாவது, அமராவதிக் கூடம். 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பிய பளிங்குப் பலகைகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. ஒரு பகுதி கப்பலேறி இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சேர்ந்தது, எஞ்சியவை இங்கே. ஒரே தூபியின் கற்கள் இரு கண்டங்களில் பிரிந்து நிற்கின்றன. பெரியோர்க்கு இக்கூடம் அரை மணி நேரம் தகும்.

மூன்றாவது, குன்னூரிலிருந்து செல்வோர் தவறாது தேடிக் கேட்க வேண்டியது. நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், மலைமுகடுகளிலுள்ள பழைய கல்வட்டங்களை அகழ்ந்து எடுத்த பொருள்கள் இவ்வருங்காட்சியகத்தின் தொகுப்பில் இடம்பெற்றன. அவர் நூல் 1873-இல் வெளிவந்தது. தாழிமூடிகளின்மேல் எருமையும் பிற விலங்குகளும் சிறு மண்ணுருவங்களாக நிற்கும். தேயிலை வருவதற்கு முன் நம் மலை எவ்வாறிருந்தது என்பதற்கு அந்த எருமைகளே சான்று. தன் ஊரின் மண்பாண்டத்தை ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து சென்று காண்பதில் பேரனுக்கும் ஒரு கிளர்ச்சி பிறக்கும்.

விலங்கியல் கூடத்தைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. பஞ்சடைத்த விலங்குகளைக் காண மனம் ஒப்பாதோர் தயங்காமல் கடந்து செல்லலாம். அதில் இழப்பொன்றும் இல்லை. மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அது வேட்டையாடப்பட்டதன்று.

நாள் குறிப்பதில் ஓர் எச்சரிக்கை. எழும்பூர், கோட்டை ஆகிய இரண்டிற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் இரவு மேட்டுப்பாளையத்தில் ஏறி வெள்ளியன்று பூட்டிய கதவைக் கண்டு திரும்புவோர் உளர். வெள்ளியன்றிப் பிறிதொரு நாள் வாய்க்காதோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவிற்குச் செல்லலாம். 1996-இல் திறக்கப்பட்ட அவ்விடத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மீண்டும் எழுப்பியுள்ளனர். அதற்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூரிலும் சில கூடங்கள் பழுதுபார்ப்பிற்காக மூடியிருத்தல் உண்டு. முன்னரே கேட்டறிந்து செல்வது அறிவுடைமை.

காலை ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்தால் பன்னிரண்டரைக்குள் மூன்றையும் நிறைவாகக் காணலாம். கையோடு கொண்டுசென்ற உணவையோ உறவினர் வீட்டு உணவையோ உண்டபின், பாட்டியாரின் பொருட்டு மயிலாப்பூர்க் கடற்கரைக்குச் செல்வது தகும். அங்கே அருங்காட்சியகம் தேவையில்லை. முற்காலத்தில் நேமிநாதர் கோயில் இருந்த ஊர் அது. குணவீர பண்டிதரின் நேமிநாதம் என்னும் இலக்கணமும், அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் அப்பெருமானை முன்னிட்டு எழுந்தவை. கடல் கோயிலைக் கொள்ளும் என்றஞ்சித் திருமேனியை மேல்சித்தாமூருக்குக் கொண்டுசென்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டு ஒன்றில் நேமிநாதர் பெயர் காணப்பட்டதை மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் குறித்துள்ளார். கோயில் நின்ற இடத்தைச் சுட்டிக்காட்ட இன்று எவராலும் இயலாது. அலையைப் பார்த்தவாறு பாட்டியார் பேத்திக்கு இதனைச் சொல்லட்டும். ஆசிரியரோ நூலோ சொல்வதைவிட அது நிலைக்கும்.

பொழுது சாய்வதற்குள் மாலை உணவை முடிக்க வேண்டுமாதலின் ஐந்து மணிக்கெல்லாம் கடற்கரையை விட்டுப் புறப்பட்டால்தான் மணமண்டபம் சேர்வது கைகூடும். மறுநாள் இரவு வண்டியில் திரும்பும்போது பேத்தியின் குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கும் பாட்டியார் நிச்சயம் கேட்பார்: “சிங்கணிக்குப்பம் என்று எழுதியிருக்கிறாயே அம்மா, அது நம்ம ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?”