முதுமையுற்ற முயலுக்கு எளிய ஊட்டம்



உயர்ந்த தத்துவங்களை விளக்க வல்ல சான்றோர் பலர் இவ்விழா மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே நான் மிகச் சிறிய உயிர் ஒன்றைப் பற்றிய செய்தியோடு உங்கள் முன் நிற்கின்றேன். நம் வீடுகளில் வளரும் முயல் முதுமையுற்று மெலியும்போது, பெருஞ்செலவின்றி அதற்கு உணவூட்டிக் காப்பது எவ்வாறு என்பதே என் உரையின் பொருள்.

நாயும் பூனையும் ஊன் உணவை நாடுவன. முயலோ புல்லும் இலையும் தின்று வாழ்வது. அதனால் நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, பிள்ளைகள் கேட்டவுடன் தயக்கமின்றி முயலை வாங்கித் தருகின்றன. நன்கு பேணப்படும் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்ததும் முதுமை தொடங்கிவிடும். அதற்குள் முயலைக் கேட்டு அழுத பிள்ளை கல்லூரி விடுதிக்குச் சென்றிருக்கும். முயல் தாத்தாவிடமும் பாட்டியிடமும் எஞ்சி நிற்கும். முதியவரை முதியவரே பேண வேண்டிய நிலை அது. அவர்களை எண்ணியே இதனைப் பேசுகின்றேன்.

இதற்குத் தமிழில் வழிகாட்டும் ஏடுகள் மிகக் குறைவு. நீலகிரியின் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் முயல் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. ஆயினும் முயல் வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் இறைச்சிக்காக எழுதப்பட்டவை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடையை எட்டும் கணக்கோடு அவை முடிந்துவிடுகின்றன. அதன்பின் அம்முயலுக்கு வாழ்வு இல்லை. ஆதலால் அதன் முதுமைக்கு அந்நூல்களில் பக்கமும் இல்லை. கொல்லாமை போற்றும் இல்லங்களே அப்பக்கத்தை எழுத வேண்டியவை.

முதலில் முயலின் உடல் இயல்பை அறிதல் வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். நார் மிகுந்த புல்லை அரைத்துக் கொண்டே இருந்தால்தான் அவை அளவாகத் தேயும். குடலின் இயக்கமும் நாரினாலேயே நடைபெறுகின்றது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. மாவுப்பொருளும் சர்க்கரையும் மிகுந்தால் அந்நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, கழிச்சலும் வயிற்று உப்புசமும் தோன்றும். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. உள்ளே சென்ற தீங்கு மேலே திரும்பி வராது.

இங்கேதான் நம் அன்பு வழி தவறுகின்றது. மெலிந்த உயிரைக் கண்டால் பாலும் கஞ்சியும் நெய்ச்சோறும் ஊட்டத் தமிழ்த் தாயின் கை தானே நீளும். மனிதனுக்கு அது மருந்து. முயலுக்கு அது கேடு. வளர்ந்த முயலுக்குப் பால் செரிக்காது. சோறு, ரொட்டி, பிஸ்கட்டு, பருப்பு ஆகியவை குடலைக் குலைக்கும். மெலிந்த முயலுக்குக் கொழுத்த உணவு வேண்டும் என்னும் எண்ணத்தை முதலில் விடுதல் வேண்டும். அன்றாடம் தின்ற புல்லையே, அது தின்னக் கூடிய வகையில், வாயருகே கொண்டுசேர்ப்பதுதான் முதன்மையான ஊட்டம்.

ஊட்டத்திற்கு முன் மெலிவின் காரணத்தைக் காண வேண்டும். முதுமை மட்டுமே முயலை மெலிய வைப்பதில்லை. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்தலாம். மூட்டு வலியால் உணவுத் தட்டிற்குச் செல்ல இயலாமற் போகலாம். சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒன்றுபோல, மெலிவாகவே தோன்றும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய மருத்துவமனைகளில் தனியார் மருத்துவமனைகளினும் குறைந்த செலவில் முயலைக் காட்டலாம். பல்லைப் பார்க்குமாறு நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. பல்வலியோடு இருக்கும் முயலுக்கு எந்தத் தீவனமும் பயன் தாராது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சமையலறைத் தராசில் முயலை ஒரு கூடையில் அமர்த்தி நிறுத்து எழுதி வாருங்கள். அடர்ந்த உரோமம் மெலிவை மறைத்துவிடும். தராசு மறைக்காது. இரண்டு கிலோ முயல் 200 கிராம் குறைவது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைவதற்கு நிகர். என் பேத்தியின் முயலுக்கு ஏழாம் வயதில் பல் நோய் இருந்தமை, முதலில் அவளுடைய குறிப்பேட்டில் இருந்த எண்களாலேயே எங்களுக்குத் தெரிய வந்தது. அன்றும் அம்முயல் தட்டருகே சென்று முகர்ந்துகொண்டுதான் இருந்தது. தின்பதுபோல் தோன்றியது. ஆனால் தின்னவில்லை.

இனி உணவு வகைகளைக் காண்போம்.

முதலாவது புல். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் ஆகியவை நம் வரப்புகளிலும் தோட்டங்களிலும் கிடைப்பன. வேரோடு பறிக்காமல் நுனியை அரிந்தால் புல் மீண்டும் தழைக்கும். நாய்கள் திரியும் சாலையோரப் புல்லையும், மருந்து தெளித்த வயலின் புல்லையும் தவிர்க்க வேண்டும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அரிந்து, நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும் பதத்தில் உலர்த்தினால் அதுவே உலர்புல். துணிப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். நெகிழிப் பையில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். கடையில் விலையுயர்ந்து விற்கும் உலர்புல்லின் இடத்தை இது பெரும்பாலும் நிரப்பும். பல் தளர்ந்த முயலுக்கு விரலகல நீளத்தில் நறுக்கி வைக்கலாம். வைக்கோல் படுக்கைக்கு உதவும். ஆனால் உணவாக அதில் சத்துப் போதாது.

இரண்டாவது பயறு வகைத் தழைகள். இவற்றில் புரதம் மிகுதி. குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் என மூன்று நம் நாட்டில் பயிராகின்றன. மூன்றாவதன் பெயரிலேயே முயல் இருப்பதைக் காண்க. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து உறவினர் வீடுகளில் உலர்ந்த நிலக்கடலைக் கொடி கிடைக்கும். பூசணம் சிறிதும் இல்லாததாய்ப் பார்த்து எடுக்க வேண்டும். எடை குறையும் முயலுக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்றை நாளுக்கு ஒரு கைப்பிடி புல்லோடு சேர்க்கலாம். ஆயின் இவற்றிலும், அகத்தி, முருங்கை இலைகளிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் மிகைச் சுண்ணாம்பைச் சிறுநீர் வழியே கழிப்பதால், வெண்கூழ்போலச் சிறுநீர் கழிக்கும் முயலுக்கும் சிறுநீரக நோயுள்ள முயலுக்கும் இவற்றைக் குறைக்க வேண்டும். சூபாபுல் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. தளர்ந்த முயலுக்கு அதனைத் தவிர்ப்பதே நன்று.

மூன்றாவது கடைத்தெருவில் கழிக்கப்படும் இலைகள். பூக்கோசின் வெளி இலை, முள்ளங்கித் தழை, கேரட்டின் தழை ஆகியவற்றைக் காய்கறிக் கடைக்காரர் பெரும்பாலும் விலையின்றியே தருவார். கொத்துமல்லியும் புதினாவும் மணத்தினால் பசியைத் தூண்டும். நன்கு கழுவி, ஈரத்தோடு தந்தால் நீரும் உடலிற் சேரும். புதிய இலை எதனையும் ஓரிரு இலையில் தொடங்கி ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுக.

கிழங்கு உண்ணாத இல்லங்களில், கேரட் இல்லாமல் முயலை எப்படி வளர்ப்பது என்று சிலர் கேட்கின்றனர். படக்கதைகள் விதைத்த எண்ணம் அது. கேரட்டின் கிழங்கு சர்க்கரை மிகுந்தது. முயலுக்கு அது இன்றியமையாததன்று. அதன் தழையே நல்லுணவு. வெங்காயமும் பூண்டும் முயலின் குருதிக்குத் தீங்கு செய்பவை. உருளைக்கிழங்கும் ஆகாது. நம் சமையலறையின் விலக்குகள் முயலுக்கும் நன்மையாகவே அமைந்துள்ளன.

நான்காவது ஊறவைத்த தீவனம். முயலுக்கென விற்கும் குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்தால் கால் மணி நேரத்தில் களியாகிவிடும். பல் இழந்த முயலும் அதனை நக்கித் தின்னும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் சுவை கூடும். எடை மேலும் குறைந்தால், சர்க்கரை சேராத ஓட்ஸ் ஒரு தேக்கரண்டி அளவில் தரலாம். புழுக்கை இளகினால் உடனே நிறுத்திவிட வேண்டும். கோழித் தீவனம் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு. மனிதருக்கான வைட்டமின் மருந்துகளும் வேண்டா. வைட்டமின் சி-யை முயலின் உடல் தானே ஆக்கிக்கொள்கின்றது. வைட்டமின் டி மிகுந்தால் உறுப்புகளில் சுண்ணாம்பு படியும்.

ஐந்தாவது ஊட்டம் முற்றிலும் விலையில்லாதது. முயல் இருவகைக் கழிவை வெளியேற்றும். ஒன்று உலர்ந்த உருண்டைப் புழுக்கை. மற்றொன்று பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வரும், கொத்தான, மென்மையான, பளபளப்பான புழுக்கை. இரண்டாவதை முயல் குனிந்து நேரே வாயில் எடுத்துத் தின்னும். அதில் புரதமும் பி வகை வைட்டமின்களும் நிறைந்துள்ளன. மூட்டு இறுகிய முயலால் குனிய இயலாது. அச்சத்து தரையிலும் உரோமத்திலும் வீணாகும். அருவருப்புக் கொள்ளாமல் அதனை எடுத்து அதன் வாயருகே வைத்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கும் சத்துப்பொருள் எதுவும் இதற்கு ஈடாகாது.

உணவு வைக்கும் இடமும் ஊட்டத்தின் ஒரு பகுதியே. வழுக்கும் தரையில் சாக்கை விரியுங்கள். உயர்ந்த தட்டுக்கு மாற்றாகத் தாழ்ந்த தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். குழாய்ப் புட்டியில் நீருக்காகக் கழுத்தை உயர்த்த இயலாத முயலுக்கு, கவிழாத அகன்ற மண்சட்டியில் நீர் வேண்டும். வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்தால் முயல் உணவைக் குறைத்துவிடும். கோடையில் விடியற்காலையிலும் இரவிலும் உணவு தருக. உறைந்த நீர்ப்புட்டியைத் துணியிற் சுற்றி அருகே வைத்தால் அதன்மேல் சாய்ந்து குளிர்ச்சி பெறும்.

இப்போது மிக இன்றியமையாத செய்திக்கு வருகின்றேன். முயல் அரை நாள் எதுவும் தின்னாமலோ, புழுக்கை இடாமலோ இருந்தால் குடல் இயக்கம் நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று காத்திருத்தல் உயிருக்கு இறுதியாகிவிடும். உடனே மருத்துவரிடம் செல்க. வயிறு உப்பியிருக்கும்போது நாமாக எதையும் புகட்டலாகாது. மருத்துவர் இசைந்தபின், நீர்த்த தீவனக் களியை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முயலை நிமிர்ந்த நிலையில் இருத்தி, வாயின் பக்கவாட்டில் ஒரு மில்லி அளவாக, அது விழுங்க விழுங்கப் புகட்டுதல் வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும்.

இந்நிலையில் நம்மவர் சிலர் நல்லெண்ணத்தோடே ஒன்றைச் சொல்வதுண்டு. தானே உணவைத் துறந்துவிட்டது, சல்லேகனைபோல் அமைதியாகப் போகட்டும் என்பர். சல்லேகனை என்பது அறிந்து, தெளிந்து, ஆசானின் இசைவோடு ஏற்கும் நோன்பு. விலங்குகள் விரதம் ஏற்ற வரலாறுகள் நம் புராணங்களில் உண்டு. அவை முனிவரின் அறவுரை கேட்டு ஏற்றவை. பல் குத்தித் தின்ன இயலாத முயல் எந்த நோன்பையும் ஏற்கவில்லை. அது பசியோடு இருக்கின்றது. இல்லறத்தார் கொள்ளும் கொல்லாமை விரதத்திற்கு நேரும் ஐந்து வழுக்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்துகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல் ஆகியவற்றோடு, நம்மை அண்டிய உயிருக்கு உணவும் நீரும் தடுத்தலும் அவற்றுள் ஒன்று. எட்டாத இடத்தில் வைத்த உணவும், கடிக்க இயலாத வடிவில் வைத்த உணவும் தராத உணவே என்பது என் கருத்து.

மருத்துவர் இனி மீட்பதற்கில்லை என்று உரைத்தபின்னும் நம் கடமை முடிவதில்லை. வலி தணிக்கும் மருந்தை அவரிடம் கேட்டுப் பெறுங்கள். நிழலும் நீரும், அது விரும்பிய ஓர் இலையும் கடைசி வரை அருகே இருக்கட்டும்.

அவையோரே, முயல் என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். ஓர் உயிரின் பெயரிலேயே நமக்கு ஓர் ஏவலும் அமைந்துள்ளது. விழா முடிந்து இல்லம் சென்றதும், முயல் வளர்ப்போர் இன்றே அதனை நிறுத்து எடையைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் மீண்டும் நிறுங்கள். பேணுதல் அங்கே தொடங்குகின்றது.