ஏச்சு யார் மேல் விழுகிறது?

(தாபோடியில் நடந்த தமிழர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் நம் தம்பி ஒருவர் ஓர் அமைச்சரைத் திட்டினார். கைதட்டினோம். பிறகு அமைச்சரின் தாயாரை இழுத்தார். அப்போதும் சிலர் கைதட்டினோம். முன்வரிசைப் பெண்கள் எழுந்து, தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். "பதவியில் இருப்பவனைத் திட்டினால் என்ன தப்பு?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

திட்டலாம் என்றே நாங்கள் சொல்வோம். அவர்கள் கையில் போலீசும் கஜானாவும் இருக்கின்றன. நமக்கு இருப்பது நாக்கு ஒன்றுதான். 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கேலிப்படம் வந்தது. ஜேப்படிக்காரன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது அதன் நையாண்டி. மன்னிப்புக் கேள் என்றது தமிழகச் சட்டமன்றம். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று ஏப்ரலில் சிறையில் அடைத்தார்கள். கண்டனம் கிளம்பியதும் சில நாளிலேயே விடுவித்தார்கள். அவரைச் சிறை வைத்தது செல்லாது என்று 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு ஆயிரம் ரூபாய். அந்தப் படம் எவர் சாதியையும் தொடவில்லை, எவர் வீட்டுப் பெண்ணையும் தொடவில்லை. நாற்காலியைத் தொட்டது. அதனால்தான் சுட்டது.

எது அவமதிப்பு என்று அளக்கும் தராசும் பெரியவர்கள் கையில்தான். 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது, ஊரை அடைப்பது ஏன் என்று பேஸ்புக்கில் எழுதிய பால்கர் பெண் ஒருத்தியும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். அவர்கள் மேல் போட்ட 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டினீர்களா என்று காண்டிராக்டரிடம் கேட்டுப் பாருங்கள். "மரியாதையாகப் பேசு" என்பதுதானே பதில்!

ஆனால் அதே தாக்கரேயும் கேலிச்சித்திரக்காரர்தான் தம்பிமார்களே. 1960-இல் 'மார்மிக்' ஏட்டையும் 1966-இல் சிவசேனையையும் தொடங்கினார். "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி" என்ற முழக்கம் பம்பாய்த் தெருக்களில் யார் மேல் பாய்ந்தது? கோட்டையில் இருந்தவர்கள் மேலா? இட்லிக் கடைக்காரர் மேல், ஆபீஸ் குமாஸ்தா மேல், பிழைக்க வந்த நம்மவர் மேல். இடுப்பில் கட்டும் துணியைச் சொல்லி ஏசினார்கள். அந்த வலி தெரிந்த நாம், பிறப்பையும் பெற்றவளையும் சொல்லி ஏசலாமா?

அந்த ஏச்சு அமைச்சர் காதுக்கே எட்டவில்லை. கேட்டது நம் பெண்கள். கட்டட வேலையில் மேஸ்திரி அவர்களை ஏசும் அதே சொல், நம் மேடையிலிருந்தும் வந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்: அமைச்சர் செய்த தப்பு என்ன என்று மறுநாள் நாலு பேரைக் கேட்டோம். ஒருவருக்கும் நினைவில்லை. ஏச்சு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அமைச்சரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எழுந்து போன தாய்மார்களிடம் கேட்கிறோம், கைதட்டியவர்களும் சேர்ந்தே. அடுத்த மாதம் முதல் பேச்சு அவர்களுடையது. அந்தத் தம்பி பாய் விரித்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.