உறங்கும் வண்டியை எழுப்புதல்

தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நடப்போர், எங்கேனும் ஒரு முற்றத்தில் துணி போர்த்திய பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் காணக்கூடும். அது மோறிஸ் மைனராக இருப்பின் வியப்பதற்கில்லை. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த அவ்வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் அதுவே.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வாராதபோது உள்ளதைப் பேணும் அறிவு வளர்ந்தது. அவ்வறிவின் பயனாக, 1990களில் இந்நாட்டில் செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடையில் 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சமும் வந்தது. அப்போது நிறுத்தப்பட்ட பழைய வண்டிகளுள் சில இன்னும் எழவில்லை. அவற்றை இரும்பு விலைக்குக் கொடுப்பதா, எழுப்பிப் பார்ப்பதா என்பது பல வீடுகளில் உள்ள கேள்வி.

நெடுநாள் நின்ற வண்டியில் எடுத்த எடுப்பிலேயே சாவியைத் திருப்புதல் கூடாது. உருளைகளின் சுவரில் இருந்த எண்ணெய் வற்றியிருக்கும், துருவும் படிந்திருக்கலாம். ஆதலால் முதலில் பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு விடுதல் வேண்டும். மறுநாள் முன்புறக் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுற்றுக. பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடித்தல் அவசியம். இயந்திரம் பின்னுதைக்குமாயின், சுற்றி வளைத்த பெருவிரல் முறிந்துவிடும்.

இயந்திரம் தடையின்றிச் சுழன்றால், அது எழுவதற்கு வேண்டியவை மூன்று: காற்றோடு கலந்த எரிபொருள், போதிய அழுத்தம், உரிய கணத்தில் தீப்பொறி. ஒரு வேளையில் ஒன்றையே சோதித்தல் நன்று. மூன்றையும் ஒருங்கே கலைத்துவிட்டால், நோய் எது, மருந்து எது என்று அறிய இயலாது.

பற்றறியைப் பொருத்துமுன் ஒரு செய்தி. மைனரில் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வழக்கு இதற்கு மாறானது. இடையில் எவரேனும் மாற்றியமைத்தனரா என்று பார்த்த பின்னரே கம்பியைப் பூட்டுக.

பழைய பெற்றோலை முற்றாக வடித்துப் புதியதை ஊற்றுக. அருகில் நெருப்பு வேண்டாம். சாவியைத் திருப்பியதும் மின்பம்பி 'டிக், டிக்' என்று ஒலித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். ஒலியே இல்லையெனில் அதன் தொடுமுனைகள் ஒட்டியிருக்கலாம். மெல்லத் தட்டினால் உயிர் பெறும். ஆயினும் அது தற்காலிக உயிரே. முனைகளைத் துலக்குவதே உண்மையான பரிகாரம். ஒலி ஓயாது கேட்குமாயின், தாங்கி வெறுமையாக இருக்கலாம். அல்லது எங்கோ கசிவு உண்டு.

அடுத்தது தீப்பொறி. நம் கரையோரத்து உப்புக்காற்று முதலில் கெடுப்பது மின் இணைப்புகளையே. பகிர்வியின் மூடியைத் திறந்து, தொடுமுனைகளை மென்மையான தாளால் துலக்கி, அவற்றின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் வைத்தால், பெரும்பாலான வண்டிகள் இசைந்துவிடும். தேய்ந்த முனைகளுக்கு மாற்று வேண்டுவோர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடிப் பார்க்கலாம்.

இயந்திரம் உறுமியதும் உள்ளம் மகிழும்; குழந்தைகள் ஏறி அமர்வார்கள். அவ்வேளையில்தான் நிதானம் வேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் சக்கர உருளைகள் துருவேறி இறுகியிருக்கும். மைனரின் தலைமை உருளையோ சாரதியின் காலடித் தளத்தின் கீழே மறைந்திருப்பது. கண்ணுக்குத் தெரியாததால் அதனை மறப்போர் பலர். திரவத்தை மாற்றி, நான்கு சக்கரங்களையும் திறந்து பார்க்காமல் காலி வீதியில் ஏறுதல், பிறர் உயிரோடு விளையாடுவதாகும். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிய வேண்டும்.

இறுதியாக ஒன்று. இவ்வித்தையை நூலிற் கற்றவரினும் கையாற் கற்றவரே நம்மிடையே மிகுதி. அத்தகைய முதிய பாஸ்மார் இன்னும் சில கராஜ்களில் இருக்கின்றனர். பம்பியின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் செவி அவர்களுடையது. வண்டியை அவர்களிடம் ஒப்படைக்கும்போது, வீட்டில் உள்ள ஓர் இளைஞனையும் உடன் அனுப்புங்கள். விளக்குப் பிடிக்கவும் சாவி எடுத்துக் கொடுக்கவும் அவன் நிற்கட்டும். உதிரிப்பாகத்தை மீண்டும் வார்த்துக்கொள்ளலாம்; அந்தச் செவியை அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொண்டால்தான் உண்டு.