காடும் வாழணும், பட்டியும் வாழணும்! பர்கூர் மலை மக்களின் மேய்ச்சல் உரிமைக்காக...

(மலை மக்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பர்கூர் மாட்டைப் பார்த்திருப்பீங்க. செம்பழுப்பு உடம்பு, வெள்ளைத் திட்டுகள். தொழுவத்தில் கட்டி, தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கிற மாடு இல்லை அது. காட்டில் பட்டி போட்டு, மலையேறி மேய்ந்து வளர்கிற மாடு. பால் கொஞ்சம்தான். கன்று விற்ற காசும் பட்டி எருவும்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

இன்றைக்கு அந்தச் சோற்றுக்கு என்ன ஆபத்து?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மலைவாசிகள் மூச்சு விட்டாங்க. ஆனால் 2024 ஜனவரியில் 80,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரோடு மாவட்டக் காடு, பர்கூர் மலையும் சேர்த்து, தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நேற்று வரை மேய்ப்பவர், இன்று அத்துமீறுபவர்!

சரணாலயம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யானை போற தடமும் புலி வாழ்ற காடும் நமக்கும் வேணும். காடு அழிந்தால் முதலில் வறண்டுபோவது மலைக்காரன் ஊற்றுதானே? நாம் கேட்பது ஒன்றுதான்: உரிமையை முடிவு பண்ணாமல் தடையை மட்டும் ஏன் முதலில் கொண்டு வர்றீங்க?

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே சொல்கிறது. உரிமைக் கோரிக்கைகளை விசாரித்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. காட்டையும் விலங்கையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபையிடமும் கொடுக்கிறது. பக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைப் பாருங்க. புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களுக்கு 2011-இல் சமூக வன உரிமை கொடுத்தாங்க. புலி ஓடிப்போகவில்லையே!

"மாட்டு நோய் காட்டு விலங்குக்குப் பரவும்" என்கிறார்கள். நியாயமான கவலை. அதற்கு மருந்து பட்டியைப் பிரிப்பதா? பட்டிக்கே போய்த் தடுப்பூசி போடுங்க. எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் மேய்க்கலாம் என்று கிராம சபையோடு உட்கார்ந்து பேசுங்க.

"யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம்" என்ற வாய்வார்த்தை போதாது. எழுத்தில் வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

✊ கிராம சபைகளின் மேய்ச்சல் உரிமை மனுக்களை உடனே விசாரித்துப் பட்டயம் வழங்கு!
✊ அதுவரை ஒரு பட்டியையும் அகற்றாதே!
✊ பர்கூர் மாட்டினத்தை அது வாழும் மலையிலேயே பாதுகாத்திடு!

மலை மக்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா காலத்து மேய்ச்சல் ரசீது பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்க. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்க, அதுவும் சான்றுதான். பழைய மேய்ச்சல் நிலத்தையும் நீர்நிலையையும் வரைபடத்தில் குறியுங்க. கிராம சபையில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்க.

உங்கள் ஊர்க் கிளைத் தோழர்கள் மனு எழுத உடன் இருப்பார்கள். மலையில் இருக்கும் சொந்தங்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டு சேருங்கள்.

போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

#மேய்ச்சல்_உரிமை #பர்கூர்_மலை