அமிலத்தைத் தாங்கும் குழாய்

திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர்ப் பகுதியிலும் அமர ராஜா நிறுவனத்தின் பாட்டரித் தொழிற்சாலைகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டில், மாசு பற்றிய காரணங்களைக் காட்டி, அவற்றை மூடுமாறு ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. நிறுவனம் உயர்நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றது. அவ்வழக்கின் நியாயத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. இத்தகைய ஆலைகளில் காற்று எவ்வாறு கழுவப்படுகிறது என்பதை மட்டும் காண்போம். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் வட்டாரமாதலால் இது நமக்கும் உரிய செய்தியே.

பாட்டரிக்கு முதன்மையாக வேண்டியவை ஈயமும் கந்தக அமிலமும். ஈயத் தூசியைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டிகள் உண்டு. அமிலத்தின் கதை வேறு. தகடுகளுக்கு முதல் மின்னூட்டம் அளிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழிகளாக எழுந்து உடைகின்றன. அவற்றோடு அமிலமும் நுண்துளிகளாய்ப் பறக்கிறது. அதை நாள்தோறும் சுவாசிப்பவர்க்குத் தொண்டை எரியும், பற்களும் அரிக்கப்படும். ஆகவே அக்காற்றை இழுத்து, தொழிலாளர் ‘ஸ்க்ரப்பர்’ என்று சொல்லும் கோபுரத்தின் அடியில் செலுத்துகிறார்கள். மேலே குறுக்கே அமைந்த குழாய்கள், துளைமுனைகளின் வழியே நீரையோ காரக் கரைசலையோ மழைபோலப் பொழிகின்றன.

இக்குழாயை எதனால் செய்வது? 98 சதவிகிதக் கந்தக அமிலத்தைச் சாதாரண வெப்பத்தில் இரும்புத் தொட்டியிலேயே வைக்கலாம். அப்போது உண்டாகும் சல்பேட்டுப் படலம் இரும்பைக் காக்கும். நீர் கலந்த அமிலமோ இரும்பைத் தின்றுவிடும். கோபுரத்தில் இருப்பது நீர் கலந்த அமிலமே. உப்பு மிகுந்த நீரில் எவர்சில்வரும் புள்ளி புள்ளியாய்த் துளைபடும். 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் அமிலம் செய்ய ஈய அறைகளை அமைத்தார். ஈயம் அமிலத்தைத் தாங்கியது. ஆனால் அது கனமானது, மென்மையானது, நஞ்சுமாகும். எனவே இன்று பாலிபுரோப்பிலீன் குழாய்களும், கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக் குழாய்களும் பயன்படுகின்றன.

இவற்றுக்கும் குறைகள் உண்டு. பாலிபுரோப்பிலீன் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் நீளும். வெப்பம் 50 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர்க் குழாய் சுமார் 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதற்கு இடம் விடாமல் இறுகக் கட்டினால் குழாய் வளையும், இணைப்பு விரியும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும்.

குழாய் கோபுரத்துக்குள் மறைந்திருக்கிறது. ஒரு முனை அடைபட்டாலும் அவ்விடத்தில் மழை இல்லை. காற்று கழுவப்படாமலே மேலேறும். வெளியே நிற்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது குழாயில் பொருத்திய அழுத்தமானியே. முனைகள் அடைபட்டால் முள் ஏறும். குழாய் உடைந்தால் இறங்கும். அம்முள்ளை ஒவ்வொரு முறைமாற்றத்திலும் பார்த்து ஏட்டில் குறிப்பது சிறிய வேலைதான். ஆனால் பெரிய கோபுரம் காற்றைக் கழுவுகிறதா, வெறுமனே நிற்கிறதா என்பதை அந்த ஏடே சொல்லும். ஆலைகளில் பணிபுரியும் நம்மவர் அதைத் தவறாது எழுதுவாராக. அதிகாரிகள் அதைக் கேட்டுப் பார்ப்பாராக.