மூன்று திரைக்கு எத்தனை கார்டு?

திருத்தணியிலுள்ள என் தமையன் மகன், கணினியில் மூன்று திரைகளை வரிசையாக வைத்துக் கார்ப்பந்தயம் ஆட விரும்பினான். கிராபிக்ஸ் கார்டு இரண்டு வேண்டுமென்றான். "365 படிகளை எண்ணியேறும் ஊரில் பிறந்தவன் நீ, செலவையும் எண்ணிப் பார்" என்றேன்.

ஒரு திரைக்கு அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மூன்றுக்கும் சேர்த்து 62,20,800. ஒரு 4கே திரைக்கோ 82,94,400. முக்கால் சுமைதானே! 2010இல் என்விடியா முறைக்குப் பொதுவாக இரண்டு கார்டுகள் வேண்டியிருந்தன. 2012இல் வந்த ஜிடிஎக்ஸ் 680 ஒன்றே மூன்று திரைகளை இயக்கிற்று. ஏஎம்டி 2009இலேயே அதைச் செய்துவிட்டது.

ஆதலால், 4கே ஆட்டத்தைத் தடையின்றி ஓட்டும் கார்டு ஒன்று பெரும்பாலும் போதும். மூன்று திரைகளுக்கும் அதில் இணைப்பு உண்டா என்று பார்த்தபின் விலையை ஒப்பிடுங்கள். அவனும் அவ்வாறே செய்தான். மிஞ்சிய பணத்தில் மூன்றாம் திரையே வந்துவிட்டது!