திருச்சின்னமும் அதற்காகும் செலவும்

திருக்குட நன்னீராட்டு நெருங்குங்கால் திருக்கோயில்களில் ஒரு காட்சியைக் காணலாம். உள்ளறைகளில் நெடுநாள் கிடந்த பித்தளைப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அவற்றுள் கறுத்து, ஒடுக்கு விழுந்து, இணைப்பு விட்டுப்போன திருச்சின்னமோ எக்காளமோ கொம்போ ஒன்று இருக்கும். அதனைக் கையிலெடுத்த அன்பர் ஒருவர், “இதனைப் புதிதுபோல் ஆக்க என்ன செலவாகும்?” என்று வினவுவார். வினா நல்லெண்ணத்திற் பிறந்ததே. ஆயினும், ‘புதிதுபோல்’ என்ற சொல்லுக்கு அவர் கொள்ளும் பொருளைப் பொறுத்தே அப்பொருட்செலவு பயன்படுவதும் வீணாவதும் அமையும். மூலக்குளத்திலும் வில்லியனூர், பாகூர்ச் சுற்றூர்களிலும் உள்ள கோயில்களுக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.

திருச்சின்னம் எளிய கருவியன்று. நீண்ட மெல்லிய குழல்கள் இரண்டினை ஒருசேர வாயில் வைத்து ஊதி, இறைவன் எழுந்தருளுதலை ஊரார்க்கு அறிவிப்பது அது. திருநெல்வாயில் அரத்துறையில் ஆளுடைய பிள்ளையாருக்கு இறைவன் அருளியவை முத்துச் சிவிகையும் முத்துக்குடையும் முத்துச்சின்னமும் எனச் சேக்கிழார் பெருமான் உரைத்தருளினார். கருவியின் உயிர் ஓசையே என்பதற்குச் சீகாழியை அடுத்த திருக்கோலக்கா சான்று. கைத்தாளமிட்டுப் பாடிய பிள்ளையாருக்கு இறைவன் பொற்றாளம் ஈந்தான். அத்தாளத்திற்கு ஓசையை அம்மை அளித்தாள் என்பது தலவரலாறு. ஆதலின் ஆங்கு அம்மைக்கு ஓசை கொடுத்த நாயகி என்பது திருநாமம். பொன்னிற் சிறந்த ஒளியுடையது யாது? எனினும் தூய பொன் மெல்லியது. தட்டினால் மழுங்கிய ஓசையே எழும். ஒளி வேறு, ஒலி வேறு என்னும் உண்மையை இத்தலவரலாறு அழகுற விளக்கி நிற்கிறது.

இனிப் பித்தளையின் இயல்பைக் காண்போர் சித்தாந்த நூல்களில் வழங்கும் ஓர் உவமையை நினைவுகூர்வர். உயிருக்கு ஆணவ மலம் செம்பிற் களிம்பு போன்றது என்பர் பெரியோர். களிம்பு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கன்று. செம்போடு உடனாய் நிற்பது. புளியிட்டுத் துலக்கினால் அப்போது மறையும், பின்னும் தோன்றும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு இருத்தலின் களிம்பும் இருக்கும். கடற்காற்றும் ஈரமும் மிக்க புதுவைப் பகுதியில் அது விரைந்து படரும். எனவே, மெருகிடுதற்குப் பெருந்தொகை செலவிட்டாலும் அம்மெருகு அடுத்த மழைக்காலம்வரை நிற்பதே அரிது.

மெருகு நிலையாமை ஒருபுறம் இருக்க, மெருகிடுதலால் வரும் கேடும் சிறிதன்று. ஊதுகருவியின் தகடு மிக மெல்லியது. செங்கற்பொடி இட்டுத் தேய்க்கும்போதும், மின்விசையாற் சுழலும் மெருகுச் சக்கரத்தில் வைக்கும்போதும், போவது கறை மட்டுமன்று. உலோகமும் உடன் தேய்கிறது. இணைப்பு வளையங்களும் வாய் விளிம்பும் முதலில் மெலிவன. புளியை நெடுநேரம் பூசிவைத்து, நன்கு கழுவாமலும் உலர்த்தாமலும் விட்டால், அதன் அமிலம் தன் வேலையை நிறுத்துவதில்லை. துத்தநாகம் கரைந்து நீங்க, மஞ்சளாயிருந்த இடத்திற் செம்மை படரும். அச்செம்மையைப் புதுப்பொலிவு என்று மகிழ்வோர் உளர். உண்மையில் அது பித்தளை வலிவிழந்தமையின் அடையாளம். கறுக்காதிருக்கப் பூசும் நிறமற்ற மெருகுப்பூச்சும் அத்தகையதே. எங்கேனும் அது பிளந்தால் ஈரம் உள்ளே புகுந்து புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பழங்கருவிகளின் விளிம்பிலோ கணுவிலோ சில எழுத்துகள் பொறிக்கப்பெற்றிருக்கும். இன்ன ஊர் இன்னார் உபயம் என்பதும், சிலவற்றில் ஆண்டும் அவற்றிற் காணப்படும். அவ்வெழுத்து மயிரிழையளவு ஆழமே உடையது. பேரன் கொடுத்த பணத்தால் மெருகேறியபோது பாட்டனார் பெயர் அழிந்துபோதல் எத்துணைக் கொடிது! உலோகத்தில் எழுதிய எழுத்தின் அருமையைப் பாகூர் அறியும். ஒன்பதாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அறமாக வழங்கப்பெற்றன. அச்செய்தி இன்று உலகறிய நிற்பது செப்பேடுகள் தேயாது கிடைத்தமையாலன்றோ? ஆதலின் கருவியைக் கன்னாரிடம் ஒப்படைக்குமுன், அதிலுள்ள எழுத்துகளைப் படியெடுத்தும் படம் பிடித்தும் கோயில் ஏட்டிற் பதிவு செய்தல் வேண்டும். அதற்காகும் செலவு மிகச் சிறிது.

அங்ஙனமாயின் பொருளை எதற்குச் செலவிடுவது? முதலாவது, கசிவை அடைத்தற்கு. ஊதுவோனின் உதடு அதிர, குழலினுள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஒலியாகிறது. ஓர் ஊசித்துளை இருந்தாலும் காற்று அங்கே கசிந்து ஒலி குலையும். மேலே கறுப்பிருந்தால் அதனால் ஒலிக்கு வரும் குறை ஏதுமில்லை. இரண்டாவது, ஒடுக்கெடுத்தற்கு. உள்ளே அச்சு செலுத்திப் பையத் தட்டி எடுத்தல் வேண்டும். அடித்து அடித்து இறுகிய தகட்டை அளவாகச் சூடேற்றித் தளர்த்தலும் வேண்டும். சூடு குறைந்தால் பின்னர் வெடிக்கும். மிகுந்தால் தகடு மெலிந்து தொய்யும். இதுவே கைத்திறத்திற்குரிய இடம். கூலி மிகுதியும் இதற்கே உரியது. மூன்றாவது, ஊதுவாயைச் செம்மை செய்தற்கு. வாய்படும் இடத்திற் களிம்பும் இருத்தலாகாது. காரீயம் கலந்த பற்றாசும் ஆகாது. இரண்டும் ஊதுவோன் உடலுக்குத் தீங்கு.

நான்காவது, நல்ல இருப்பிடம் அமைத்தற்கு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர், மழைக்காலத்திற் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். அவை தாமே வெடித்துப் பிளந்தன. இறுகிய பித்தளை, சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் ஈரமும் பட்டால் பிளக்கும் என்பது 1921இல் ஆராய்ந்து தெளிவிக்கப்பெற்றது. இதனைக் கோயிலார் கருதிப் பார்த்தல் தகும். வௌவால் அடையும் மண்டபங்களில் அதே ஆவி உண்டு. அங்கே மூலையிற் சாத்திவைத்த எக்காளம் ஊதுவாரின்றியே பிளவுபடுதல் வியப்பன்று. காற்றோட்டமுள்ள மரப்பெட்டியும், ஊதியபின் உள்ளீரம் வடித்துத் துடைக்கப் பருத்தித் துணியும் இருந்தால், பல ஆண்டுப் பழுதுபார்க்கும் செலவு மிஞ்சும்.

ஐந்தாவது செலவே தலையாயது, அது ஊதுவோனுக்குரியது. பழைய கல்வெட்டுகளில், கோயிலைப் பழுதுபார்த்தற்கு விட்ட நிலம் ‘புதுக்குப்புறம்’ எனப்பட்டது. வாத்தியம் இசைக்கும் உவச்சர்க்கு விட்ட நிலம் ‘உவச்சக்காணி’ எனப்பட்டது. பொருளைப் புதுக்கவும் ஆளைப் புரக்கவும் தனித்தனியே நிலம் விட்ட அறிவு போற்றத்தக்கது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். கருவி கொடுத்ததோடு அவன் அமைந்தானல்லன். கருவிக்குப் பின்னுள்ள வயிற்றையும் நினைந்தான்.

இக்காலத்திற் பல கோயில்களில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் அப்பணியை மேற்கொண்டுள்ளன. அவற்றை வாங்கி அளிப்போர் பத்தியிற் குறைந்தவரல்லர். எனினும், ஒரு முறை கொடுத்துவிட்டால் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டுவதில்லை என்ற எளிமை அக்கொடையில் உண்டு. அவ்வெளிமைக்குரிய விலையை ஊதுவோன் குடும்பம் செலுத்துகிறது. கற்பிக்க ஆளின்றி, கற்க மைந்தரின்றி, அவ்வூதுமுறை ஒரு தலைமுறையில் மறையும். பின்னர்ப் பளபளக்கும் திருச்சின்னம் சுவரில் தொங்கும். ஊத அறிந்த வாய் ஊரில் இராது. அப்பழுதை நீக்க எந்தக் கன்னாராலும் இயலாது.

ஆதலின், “என்ன செலவாகும்?” என வினவும் அன்பர், தாம் தரக் கருதிய தொகையை இவ்வாறு பகுத்துக்கொள்ளல் தகும். எழுத்தைப் பதிவு செய்தற்கும், கசிவும் ஒடுக்கும் நீக்குதற்கும், பெட்டி அமைத்தற்கும் வேண்டுவதை முதலில் ஒதுக்குக. மெருகிற்கென எண்ணியிருந்ததை ஊதுவோன் ஊதியத்திற்கும், அவனிடம் கற்கும் ஓர் இளைஞனுக்கும் நிலைப்பொருளாக வைக்க. துலக்குதல் மென்துணி கொண்டு துடைக்கும் அளவோடு அமைக. நூறாண்டு கைபட்டுக் கறுத்த பித்தளை கோயிலுக்கு இழுக்கன்று. அது தொண்டு செய்து மூத்த அடியார் திருமேனி போல்வது.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் திருத்தேரின் வடத்தை ஆளுநரே பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக்காலந்தொட்டுத் தொடர்கிறது. ஆண்டதும் ஆளுவோரும் மாறினும், வடம் பிடிக்கக் கை இருத்தலின் தேர் நிலைபெயர்கிறது. திருச்சின்னத்திற்கும் அதுவே முறை. ஊத ஒரு வாயும், அவ்வாய்க்கு ஒரு கவளமும் உள்ளவரை, பெருமான் எழுந்தருளும் செய்தி வீதிதோறும் கேட்கும். அவ்வோசை இவ்வூரில் நின்று நிலவ அம்மையப்பன் திருவருள் துணைசெய்க!